கிரீம் பட்டை ஃபோம் தீயணைப்பான்கள்: எதை எடுப்பது, எதை வைப்பது, பழையதை எங்கே கொடுப்பது

கேள்வியின் சுருக்கம் இது. லண்டனுக்கு வெளியே மூன்று இடங்கள். மளிகையும் மதுவும் விற்கும் கடை (கீழ்த்தளம் 280 சதுர மீட்டர், மேலே 90 சதுர மீட்டர் கிடங்கு), ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு டேக்அவே. கடையில் ஆறு, பெட்ரோல் நிலையத்தில் மூன்று, டேக்அவேயில் இரண்டு என மொத்தம் 11 ஃபோம் தீயணைப்பான்கள், அதாவது கிரீம் நிறப் பட்டை போட்டவை. சர்வீஸுக்கு வந்த ஒருவர் பதினொன்றையும் உடனே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் 2030 வரை கவலையில்லை என்கிறார். மூன்றாமவர் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, புது ஃபோம் நிரப்பித் தருகிறேன், பாதி விலைதான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பெட்ரோல் நிலையத்தின் பின்னறையில் ஒரு பச்சை சிலிண்டரும் கிடக்கிறது, அதை என்ன செய்வது?

மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மற்ற இருவரும் சொல்வதில் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பதினொரு இடங்களுக்கும் ஃபோம் தேவைதானா? உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு இடத்துக்குத்தான் தேவை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. எரியும் பெட்ரோல்மேல் வெறும் தண்ணீரை அடித்தால் தண்ணீர் அடியில் போய்விடும், பெட்ரோல் மேலே நின்று எரியும். தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது பரவவிடாமல் திரட்டிவைக்கும் மேற்பரப்பின் இழுப்பு, மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். சாதாரண சவர்க்காரப் பொருள் கலந்தால் அது 25, 30 வரை இறங்கும். பெட்ரோலுடையதோ 20க்குப் பக்கம். ஃபுளோரின் சேர்ந்த சவர்க்காரப் பொருளைக் கலந்தால் மட்டுமே தண்ணீர் 15, 17 என்று பெட்ரோலுக்கும் கீழே போகும். அப்போது அது பெட்ரோலின் மேலேயே மெல்லிய படலமாகப் பரவி, ஆவி கிளம்பாமல் மூடிவிடும். லேபிளில் ஏஎஃப்எஃப்எஃப் (AFFF) என்று இருக்கும் ஃபோம் வேலை செய்வது இப்படித்தான். 1960களில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கப்பட்டது. தீயை அணைப்பதில் அதன் திறமை பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

சிக்கல் அந்த ஃபுளோரின் பொருள்களில்தான். பிஃபாஸ் (PFAS) என்று பொதுப்பெயர் சொல்கிறார்கள். கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு இயற்கையில் எதனாலும் எளிதில் உடையாது. மண்ணுக்குள் போனால் நிலத்தடி நீருக்குப் போகும், அங்கிருந்து குழாய்க்கு வரும், உடம்பில் சேர்ந்து பல ஆண்டு தங்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏவை (PFOA) உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. ஸ்வீடனின் ரொன்னெபி வட்டாரத்தில் விமானப்படைத் தளத்தில் பயன்படுத்திய ஃபோம் ஊர்க் குடிநீரில் கலந்திருந்தது 2013இல் தெரியவந்தது. இங்கிலாந்தில் 2005 டிசம்பரில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு எரிந்தபோது அடித்த ஃபோமும் நிலத்தடி நீரில் தடம் விட்டுப்போனது.

அவையெல்லாம் டன் கணக்கில் அடித்தவை, நம் கடைச் சிலிண்டர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பிஎஃப்ஓஏவுக்குப் பிரிட்டனின் சட்ட வரம்பு கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். 6 லிட்டர் தீயணைப்பானில் அது 0.15 மில்லிகிராம், அதாவது பொடியுப்பில் இரண்டு மூன்று துகள் அளவு. குடிநீரில் பிஃபாஸ் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இங்கிலாந்தின் வழிகாட்டு வரம்பு. அந்த இரண்டு மூன்று துகள் 1,500 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். சட்டத்துக்கு உட்பட்ட கருவியின் கணக்கே இது. பழைய கருவிகளில் இதைவிட அதிகமாக இருக்கலாம், பிஎஃப்ஓஏ அல்லாத மற்ற பிஃபாஸ் வகைகளும் கூடவே இருக்கும்.

இனி தேதிகள். உங்களைக் குழப்பியது இதுதான்.

எளிதில் அழியாத மாசுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் பிஎஃப்ஓஏ 2019இல் சேர்ந்தது. ஏற்கெனவே கருவிகளில் இருந்த ஃபோமுக்குப் பிரிட்டன் கொடுத்த சலுகைக்காலம் 2025 ஜூலை 4 அன்று முடிந்துவிட்டது. ஆகவே வரம்புக்கு மேல் பிஎஃப்ஓஏ உள்ள ஃபோம் உங்கள் சுவரில் இப்போது தொங்கக்கூடாது. முதலாமவர் சொல்வது இந்த வகைக்குப் பொருந்தும். அதன் பின்னால் வந்த, "சி6" எனப்படும், ஆறு கார்பன் கொண்ட குறுஞ்சங்கிலி ஃபோமிலும் பிஃபாஸ் உண்டு. ஆனால் பிஎஃப்ஓஏ வரம்புக்குள் இருந்தால் இந்தத் தடை அதற்குப் பொருந்தாது. இரண்டாமவர் சொல்லும் 2030 ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கு. அங்கே 2025 அக்டோபரில் நிறைவேறிய விதி, தீயணைப்பு ஃபோமில் எல்லா பிஃபாஸும் சேர்த்து லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்த வரம்பைத் தாண்டிய, கையால் தூக்கும் தீயணைப்பான்களை 2026 அக்டோபர் 23க்குப் பிறகு சந்தைக்குக் கொண்டுவர முடியாது, ஆல்கஹால் தாங்கும் வகைக்கு இன்னும் ஆறு மாதம் கூடுதல். ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றை 2030 முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். பாரிஸிலோ டுசெல்டார்ஃபிலோ கடை வைத்திருக்கும் உறவினருக்கு இந்தத் தேதி பொருந்தும், வட அயர்லாந்துக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. இங்கே பணியிடச் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் அரசு நிர்வாகம் (ஹெச்எஸ்இ) இதேபோன்ற கட்டுப்பாட்டுக்கான முன்மொழிவை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. சி6 ஃபோமுக்கும் கதவு மூடப்போகிறது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் புத்தி.

உங்கள் பதினொன்றில் எது எந்த வகை? கிரீம் பட்டை இதைச் சொல்லாது. பழைய ஏஎஃப்எஃப்எஃப், சி6, ஃபுளோரின் இல்லாத புது ஃபோம் மூன்றுக்கும் அதே கிரீம் பட்டைதான். லேபிளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது ஐந்து பகுதியாக இருக்கும். மேலே கருவியின் வகையும் திறன் எண்ணும், அடுத்து படத்தோடு பயன்படுத்தும் முறை, அடுத்து எச்சரிக்கை. நான்காவது பகுதியில் பொடி எழுத்தில் உள்ளிருக்கும் பொருளின் பெயர், சேர்மானம், மாடல், வெப்பநிலை வரம்பு. ஐந்தாவதில் தயாரிப்பாளர் முகவரி. நான்காவது பகுதியையும், உடம்பில் இருக்கும் தயாரிப்பு ஆண்டையும், சீரியல் எண்ணையும் கைப்பேசியில் படமெடுங்கள். பதினொன்றுக்கும் அரை மணி நேரம் ஆகாது.

படங்களை வைத்துத் தயாரிப்பாளருக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: இந்த மாடல், இந்த ஆண்டுச் சரக்கில் பிஎஃப்ஓஏ கிலோவுக்கு 0.025 மில்லிகிராமுக்குக் கீழேயும், அதைச் சார்ந்த சேர்மங்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழேயும் இருக்கின்றனவா? வேறு பிஃபாஸ் எதுவும் சேர்த்திருக்கிறார்களா? பதில் வராத கருவியையும், ஆண்டு படிக்க முடியாத கருவியையும் வரம்பு மீறியதாகவே எண்ணி எடுத்துவிடுங்கள். ஆய்வகப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு புதுக் கருவியின் விலையைத் தாண்டிவிடும், சிறு கடைக்கு அது வீண்.

இப்போது கொட்டி நிரப்பும் யோசனை. இரண்டு காரணங்களால் அது கூடாது. ஃபுளோரின் சவர்க்காரப் பொருள் சிலிண்டரின் உட்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினாலும் முழுதாகப் போகாது. புது ஃபோம் ஊற்றிய பிறகு மெல்ல மெல்ல அதில் கரைந்து வரும். சில மாதம் கழித்துச் சோதித்தால் ஃபுளோரின் இல்லாத ஃபோமில் ஃபுளோரின் இருக்கும். அலசிய தண்ணீரும் இன்னொரு அபாயக் கழிவாகிவிடும். இரண்டாவது காரணம் தீயை அணைப்பது சம்பந்தப்பட்டது. தீயணைப்பான்களுக்கான பிஎஸ் இஎன் 3 தரச்சான்று சிலிண்டர், குழாய், முனை, உள்ளிருக்கும் பொருள் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குக் கொடுத்தது. ஃபுளோரின் இல்லாத ஃபோம் படலம் கட்டாது. நுரைப்போர்வையின் கனத்தால் மட்டுமே மூடும். அதற்குக் காற்றை நன்றாக இழுத்து நுரைக்க வைக்கும் முனை வேண்டும். பழைய முனை வழியாக அடித்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி வரும். லேபிளில் 183பி என்று இருக்கும் (பெட்ரோல் போன்ற திரவம் எரியும் பி வகைத் தீக்கான திறன் எண்), கருவியால் அதில் பாதியைக்கூட அணைக்க முடியாமல் போகலாம். உங்கள் காப்பீட்டு நிறுவனமும் அந்த லேபிளை ஏற்காமல் போகலாம்.

அடுத்தது எதை வைப்பது என்பது. எங்கே எந்தத் தீயணைப்பான், எத்தனை என்று சொல்லும் பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 5306இன் எட்டாம் பகுதிதான் அளவுகோல். மரம், அட்டை, துணி எரியும் ஏ வகைத் தீக்கு, தளப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து 0.065ஆல் பெருக்க வேண்டும். அங்கே வைக்கும் கருவிகளின் ஏ எண்கள் கூடி அந்த அளவுக்காவது வர வேண்டும். உங்கள் கீழ்த்தளம் 280 × 0.065 = 18.2. ஆனால் ஒரு தளத்துக்குக் குறைந்தபட்சம் 26ஏ, அதாவது 13ஏ கருவி இரண்டு. யாரும் 30 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒன்றை எட்ட வேண்டும். ஒரே நிறுவனம் இருக்கும் கட்டடத்தில் மேல்தளம் 100 சதுர மீட்டருக்குள் இருந்தால் 13ஏ ஒன்று போதும். 13ஏ என்ற எண் வெறும் தரவரிசை கிடையாது. சோதனையில் எரிக்கும் மர அடுக்கு 1.3 மீட்டர் நீளம் என்று அர்த்தம். அதேபோல 144பி என்றால் 144 லிட்டர் தட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு எரிபொருள், ஒரு பங்கு தண்ணீர்.

ஆக, கடையில் ஆறு ஃபோம் இருந்த இடத்தில் கீழே இரண்டு, மேலே ஒன்று, மூன்றும் தண்ணீர் வகை. 6 லிட்டர் சேர்மானத் தண்ணீர் வகை (அணைக்கும் திறன் கூட்டும் பொருள் கலந்த தண்ணீர்) அல்லது நீர்ப்புகை வகை (தண்ணீரை மெல்லிய திவலையாகத் தூவுவது) எதுவானாலும் சரி. நீர்ப்புகையில் அயனி நீக்கிய தண்ணீர் மட்டுமே இருக்கும், கழிவுத் தொல்லையே கிடையாது. சேர்மானத் தண்ணீர் வாங்கினால் அந்தச் சேர்மானத்திலும் ஃபுளோரின் இல்லை என்று எழுதி வாங்குங்கள். கல்லாவுக்கும் மின்பலகைக்கும் பக்கத்தில் 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஒன்று. மது அலமாரிக்கு ஃபோம் வேண்டாமா என்றால், 40 சதவீத ஸ்பிரிட் தண்ணீரோடு கலந்துவிடும், தண்ணீர் அதை நீர்க்கச் செய்யும். தீ அபாய மதிப்பீடு செய்பவர் அந்த மூலைக்கு ஃபோம்தான் வேண்டும் என்று எழுதினால், ஆல்கஹால் தாங்கும் வகை என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். சாதாரண ஃபோமின் குமிழ்களில் இருக்கும் தண்ணீரை ஆல்கஹால் உறிஞ்சிவிடும், நுரை தொட்ட இடத்திலேயே அழிந்துவிடும்.

டேக்அவேயில் ஃபோமுக்கு வேலையே இல்லை. எண்ணெய்ச் சட்டித் தீயில் அதை அடிக்கக் கூடாது, கொதிக்கும் எண்ணெய் வெடித்துச் சிதறும். பொரிக்கும் அடுப்புக்கு மஞ்சள் பட்டை ஈர இரசாயனக் கருவி, 6 லிட்டர், 75எஃப் (எஃப் என்பது சமையல் எண்ணெய்த் தீக்கான எண்). அதிலேயே 13ஏ திறனும் உள்ள மாடலாக எடுத்தால், இன்னொரு 13ஏ தண்ணீர் கருவியோடு சேர்ந்து 26ஏ கணக்கு முடிந்துவிடும். ஏற்கெனவே மஞ்சள் பட்டை ஒன்று இருந்தால் அதன் பாதுகாப்புத் தாளையும் கேட்டுப் பாருங்கள், சில மாடல்களில் ஃபுளோரின் சேர்த்ததுண்டு.

பெட்ரோல் நிலையத்தில்தான் யோசிக்க வேண்டும். பம்புகள் இருக்கும் வெளிப்புறத்துக்குப் பவுடர் வகை சரி. மழை, வெயில் படாத பெட்டிக்குள் வையுங்கள். கடைக்குள்ளே பவுடர் வேண்டாம். அடித்த கணமே வெளிறிய புகைமாதிரி நிறைந்து வாசல் தெரியாமல் போய்விடும், மூச்சும் முட்டும். உள்ளறைகளுக்குப் பவுடரைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றே பிஎஸ் 5306 தரநிலையும் சொல்கிறது. உள்ளே இரண்டு தண்ணீர் வகை, ஒரு கார்பன் டை ஆக்சைடு. வெளிக்கதவை ஒட்டி, சிந்திய பெட்ரோல், டீசலுக்காக ஃபுளோரின் இல்லாத ஃபோம் ஒன்று. பி வகைத் தீ அபாயம் உள்ள இடத்துக்கும் கருவிக்கும் நடுவே 10 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. வாங்கும்போது பழையதன் பி எண்ணையும் புதியதன் பி எண்ணையும் ஒப்பிடுங்கள். அதே 6 லிட்டரில் பழையது 183பி ஆக இருந்து, புதியது 144பி அல்லது 113பி ஆக இருப்பது சகஜம். குறைந்தால் ஒன்றுக்கு இரண்டாக வைக்க வேண்டிவரும். குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள். கதவோரத்தில் குளிர்கால இரவில் உறையும் நிலை வந்தால், +5 டிகிரி வரை மட்டுமே தாங்கும் கருவி அங்கே உதவாது.

அந்த ஒன்றை அடிக்கும் முறையையும் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். படலம் கட்டும் பழைய ஃபோம் கொஞ்சம் தப்பாக அடித்தாலும் தானாகப் பரவி மூடிவிடும். புது ஃபோம் அப்படி மன்னிக்காது. எரியும் திரவத்துக்குள் நேராகப் பீச்சினால் நுரை பெட்ரோலில் முங்கி, பெட்ரோலைச் சுமந்துகொண்டு மேலே வரும், நுரையே எரியும். பின்னால் இருக்கும் சுவரிலோ கட்டையிலோ பட்டு வழியும்படி அடிக்க வேண்டும். சுவர் இல்லையென்றால் முன்னால் தரையில் விழுந்து தள்ளிக்கொண்டு போகும்படி, பக்கவாட்டில் மெதுவாக வீச வேண்டும். அணைந்ததுபோல் தெரிந்ததும் நிறுத்திவிடாமல் கருவி காலியாகும்வரை போர்வையைக் கனமாக்க வேண்டும். பயிற்சிக்குத் தண்ணீர்க் கருவி போதும். எந்த ஃபோமையும் கார் நிறுத்துமிடத்தில் அடித்துக் காட்டிச் சாக்கடைக்கு விடாதீர்கள்.

சந்தையில் "சூழலுக்கு உகந்தது", "சி6", "பிஎஃப்ஓஏ இல்லாதது" என்றெல்லாம் ஒட்டி விற்கிறார்கள். இந்த மூன்றில் எதற்கும் பிஃபாஸ் இல்லை என்று பொருளில்லை. "ஃபுளோரின் இல்லாதது" என்று இருக்க வேண்டும், கூடவே மொத்தக் கரிம ஃபுளோரின் அளவு காட்டும் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கை கேட்டவுடன் பேச்சை மாற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

நேரம் பார்த்து மாற்றினால் பணம் மிஞ்சும். தண்ணீர், ஃபோம் கருவிகளுக்கு ஆண்டுக்கு ஒரு சாதாரண சர்வீஸ், ஐந்தாண்டுக்கு ஒரு முறை முழுதாக அடித்துப் பார்த்து மறுபடி நிரப்பும் பெரிய சர்வீஸ். பிஃபாஸ் ஃபோமுக்கு அந்தப் பெரிய சர்வீஸ் செய்வது காசைக் கரைப்பது. வரம்புக்குள் இருப்பதாக எழுத்தில் உறுதிவந்த சி6 கருவிகளை அந்த ஐந்தாம் ஆண்டு வரும்போது எடுக்கலாம். உறுதிவராதவற்றை இப்போதே. புதுக் கருவி சுவரில் மாட்டிய பிறகே பழையதை இறக்குங்கள். பழையதை முதலில் எடுத்துக்கொண்டுபோய், புதியது இரண்டு வாரத்தில் வரும் என்று சொல்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த இரண்டு வாரமும் கட்டடம் வெறுமையாக நிற்கும், 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணைப்படி பொறுப்பு உங்கள் தலையில். வர நேரமாகும் என்றால் இரவல் தண்ணீர்க் கருவி கேளுங்கள், நல்ல நிறுவனங்கள் தரும். மாட்டும்போது கைப்பிடி உயரம்: 4 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை தரையிலிருந்து சுமார் 1 மீட்டர், அதற்குக் கீழே எடையுள்ளவை 1.5 மீட்டர்.

மாற்றியதும் தீ அபாய மதிப்பீட்டைத் திருத்தி எழுதுங்கள். 2023 அக்டோபரிலிருந்து எத்தனை ஊழியர் இருந்தாலும் அது முழுதாக எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல். சிலரின் பாலிசியில் ஃபோம் என்றே குறிப்பிட்டிருக்கும்.

பழையவற்றை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஏமாற்று அதிகம். பிஎஃப்ஓஏ ஃபோமை அபாயக் கழிவாகவே எண்ண வேண்டும். 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்கும் உலையில்தான் அது அழிய வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அவர் வால்வைத் திறந்து தரையில் விடுவார், காசுக்கு உருளையை விற்பார். கவுன்சிலின் குப்பைக் கிடங்கு வணிகக் கழிவை இப்படி வாங்காது. எடுத்துச்செல்பவர் பதிவுபெற்ற கழிவு ஏற்றுநரா என்று சுற்றுச்சூழல் முகமையின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பாருங்கள், இலவசம். அபாயக் கழிவு ஒப்படைப்புச் சீட்டு வாங்குங்கள். அதில் கருவிகளின் எண்ணிக்கை, லிட்டர், எந்த இடத்துக்குப் போகிறது என்பவை இருக்க வேண்டும். உங்கள் சீரியல் எண் பட்டியலை அதோடு சேர்த்து மூன்று ஆண்டு வைத்திருங்கள். "மறுசுழற்சி செய்துவிடுகிறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஃபோம் எந்த உலைக்குப் போகிறது என்று கேளுங்கள். வண்டி வரும்வரை கருவிகளை நிமிர்த்தி, பாதுகாப்புப் பின்னைக் கழற்றாமல், பிளாஸ்டிக் தட்டின்மேல், வடிகால் இல்லாத அறையில் வையுங்கள். ஒன்று கசிந்தால் உறிஞ்சும் துகள் போட்டு அள்ளிப் பையில் கட்டி அதே வண்டியில் அனுப்புங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

அந்தப் பச்சை சிலிண்டர். லேபிளில் பிசிஎஃப் (BCF) அல்லது ஹாலோன் 1211 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. விமானம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மற்ற இடங்களில் 2003 டிசம்பர் 31க்குள் எடுத்துவிட்டிருக்க வேண்டியது. ஃபோமோடு சேர்த்து அனுப்பாதீர்கள். பின்னை டேப் போட்டு ஒட்டி, யாரும் அழுத்திப் பார்க்காதபடி பூட்டிய அறையில் வைத்துவிட்டு, ஹாலோன் மீட்க அனுமதி பெற்ற நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கும் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.